அடுப்பைப் பார்க்காமல் தரும் உரிமம்

எங்கள் ஊர் நகராட்சியின் மன்றக் கூட்டத்தில் இரண்டு பொருள்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று, தொழில் உரிமக் கட்டணத்தை உயர்த்துவது. மற்றது, தினசரிச் சந்தையை இடித்துவிட்டு அதே இடத்தில் மாடி வைத்த வணிக வளாகம் கட்டுவது. முதல் பொருளுக்குக் காரணமாக நகராட்சியின் நிதிநிலை என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவதற்கு நகரின் பொருளாதார மேம்பாடு. முதலாவதில் கவுன்சிலர்கள் சத்தம் போட்டார்கள், வணிகர் சங்கத்தின் மனு வாசிக்கப்பட்டது, பொருள் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாவது மேசை தட்டலோடு நிறைவேறியது. இரண்டு பொருளும் ஒரே கடைக்காரரின் பிழைப்பைத் தொடுகின்றன என்று அந்த அறையில் யாரும் எழுந்து சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் நகராட்சிகளில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தென்மாவட்டத்துக் கரிசல் ஊர்களில்தான் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய்க் கம்பெனி, எண்ணெய்ச் செக்கு, பருப்பு மில், இறைச்சிக் கடை, டீக்கடை, பட்டறை என்று படியேறாத இடம் குறைவு. உரிமத்துக்குப் பரிந்துரை எழுதும் பேனா என்னிடம் இருந்தது. அந்தப் பேனா எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கு இன்று பயன்படுவதில்லை என்பதே என் கவலை.

இந்த உரிமத்தைக் கடைக்காரர்கள் இன்னமும் ‘டி அண்ட் ஓ லைசென்ஸ்’, அதாவது ஆபத்தான, தொல்லைதரும் தொழில்களுக்கான உரிமம் என்றுதான் சொல்கிறார்கள். 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் 249ஆவது பிரிவு இருந்தது. எந்தெந்தத் தொழிலை நகராட்சியின் அனுமதி இல்லாமல் ஓர் இடத்தில் நடத்தக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை பட்டியல் போட்டது. தோல் பதனிடுவது, சுண்ணாம்பு எரிப்பது, வைக்கோல் அடுக்கி வைப்பது, மீன் உலர்த்துவது, சோப்புக் காய்ச்சுவது போன்றவை அதில் இருந்தன. தீ, புகை, நாற்றம், நோய் ஆகிய இவற்றில் ஏதாவது ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடிய தொழில்கள். பிறகு வந்த ஆண்டுகளில் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அபாயம் அதிகமானதால் நீண்டதைவிட, வசூலுக்கு ஒரு தலைப்பு கிடைத்ததால் நீண்டதே அதிகம். 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில், அந்த ஆண்டே எழுதப்பட்ட விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. நூறு வயதுச் சட்டம் போய்விட்டது. நூறு வயதுப் பழக்கம் போகவில்லை.

பழக்கம் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த காலத்தில் உரிமத்தின் ஆண்டு மார்ச் 31உடன் முடியும். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, தொழில் வரி எல்லாவற்றுக்கும் அதே மார்ச்தான் கெடு. பிப்ரவரி பிறந்ததும் வாராந்திர ஆய்வுக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கு விழும். “உங்க வார்டுல டிமாண்ட் எவ்வளவு, வசூல் எவ்வளவு?” என்பதுதான் கேள்வி. எத்தனை கடையின் அடுப்படிக்குள் போய்ப் பார்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. சுகாதார ஆய்வாளருக்கு அந்த மாதங்களில் குப்பை, கொசு, பிறப்பு இறப்புப் பதிவு, திருவிழா என்று வழக்கமான வேலைகள் எதுவும் குறைவதில்லை. கடை வாசலில் நின்றபடியே ரசீது போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார். உரிமம் புதுப்பிக்கப்பட்டுவிடும்.

ஒரு டீக்கடையை ஒழுங்காகப் பார்க்க இருபது நிமிடமாவது வேண்டும். எரிவது 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரா, 19 கிலோ வணிகச் சிலிண்டரா? மாற்றுச் சிலிண்டர் எங்கே நிற்கிறது? வடைச் சட்டிக்கு எத்தனை அடி தள்ளி? ரப்பர்க் குழாய் வெடித்திருக்கிறதா? தீப்பிடித்தால் உள்ளே நிற்கும் மாஸ்டருக்கு வெளியே வர இன்னொரு வழி உண்டா? தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? பாத்திரம் கழுவிய தண்ணீர் சாக்கடையில் சேர்கிறதா, பக்கத்துக் கடைச் சுவருக்கு அடியில் ஊறுகிறதா? காய்ந்து கறுத்த எண்ணெயை ராத்திரி எங்கே கொட்டுகிறார்கள்? இவை பார்க்கப்பட்டால் உரிமம் என்ற காகிதத்துக்கு மதிப்பு உண்டு. பார்க்கப்படாவிட்டால், சட்டத்தில் வரி என்று பெயர் வைக்காத ஒரு வரியைக் கடைக்காரர் கட்டுகிறார், அவ்வளவுதான்.

வரி வேறு, கட்டணம் வேறு என்று உச்ச நீதிமன்றம் 1954இலேயே ஷிரூர் மடம் வழக்கில் பிரித்துச் சொன்னது. சென்னை மாகாணத்துச் சட்டம் ஒன்றின்மேல் வந்த வழக்கு அது. கட்டணம் என்றால் அதற்கு ஈடாக ஒரு சேவை இருக்க வேண்டும் என்பது அப்போது சொல்லப்பட்ட நெறி. பின்னாளில் நீதிமன்றங்கள் இதைத் தளர்த்தின. ஒழுங்குபடுத்துவதற்காக வாங்கும் உரிமக் கட்டணத்துக்குக் காசுக்குக் காசு ஈடு காட்ட வேண்டியதில்லை என்றன. சரி, காசுக்குக் காசு வேண்டாம். ஒழுங்குபடுத்தும் வேலையாவது நடக்க வேண்டும் அல்லவா?

கட்டணத்தைவிடக் கடைக்காரர்களை அதிகம் வாட்டுவது காகிதம். மன்றத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசப்படவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம். விண்ணப்பத்தோடு கடை இருக்கும் கட்டடத்தின் சொத்து வரி ரசீது வேண்டும், அதுவும் நிலுவை இல்லாமல். வாடகை ஒப்பந்தம் வேண்டும். உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். நான் இருந்த ஊர்களில் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்தவர்கள் சிறுபான்மை. மற்றவர்கள் எல்லாம் வாடகைக்கு இருப்பவர்கள், பலர் வாய்ப்பேச்சு வாடகையில் இருப்பவர்கள்.

தெருவோர வீடு ஒன்றின் முன்னறையை வாடகைக்குப் பிடித்து நான்கு தையல் மெஷின் போட்டிருந்தார் ஓர் அம்மா. பள்ளிச் சீருடை ஆர்டர் எடுத்துத் தைப்பவர், கூட மூன்று பெண்கள். அவருடைய தொழிலால் அக்கம்பக்கத்துக்கு ஓர் ஆபத்தும் இல்லை. கத்தரித்த துண்டுத் துணியைக்கூடப் பட்டறைக்காரர்கள் எண்ணெய் துடைக்க வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். உரிமம் கேட்டு அவர் நகராட்சிக்கு வந்தார். வீட்டுக்காரரின் கையெழுத்து இல்லை என்று மனு திரும்பியது. வீட்டுக்காரர் போட மாட்டார். அவர் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் முன்னறை கடை என்று பதிவாகும், சொத்து வரி குடியிருப்பு விகிதத்திலிருந்து வணிக விகிதத்துக்கு மாறும், மின் இணைப்பும் வணிகக் கட்டணத்துக்கு மாறும். “சார், நான் லைசென்ஸ் வேண்டாம்னு சொல்லல. பணம் கட்டவும் தயார். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேங்காரு, நான் என்ன செய்ய?” என்று கேட்டார். அவருக்குச் சொல்ல எந்தச் சட்டத்திலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

உரிமம் இல்லாததால் அவர் கடை மூடவில்லை. நான்கு மெஷினும் ஓடின. ஆனால் கடையின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனபோது, தொழில் நடப்பதற்கு இரண்டு சான்றுகள் கேட்டார்கள். தனிநபர் நிறுவனத்துக்கு அப்படிக் கேட்பது ரிசர்வ் வங்கியின் விதி, கிளை மேலாளரைக் குறை சொல்ல முடியாது. ஜிஎஸ்டி பதிவு அவருக்குத் தேவைப்படாத அளவு சின்ன வியாபாரம். நகராட்சி உரிமம் கிடைக்கவில்லை. ஆகவே கணக்கு இல்லை, கணக்கு இல்லாததால் கடன் இல்லை. ஐந்தாவது மெஷினை வட்டிக்கு வாங்கித்தான் போட்டார். வட்டிக்கடைக்காரர் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கேட்கவில்லை.

பிறகு 2020 ஜூலையில் ஒன்றிய அரசு உத்யம் பதிவைக் கொண்டுவந்தது. ஆதார் எண்ணைக் கொடுத்துத் தொழிலைப் பற்றித் தானே சொன்னால் போதும், இணையத்தில் கட்டணமில்லாமல் சான்று வந்துவிடும். டெல்லியில் இருக்கும் அமைச்சகம் அந்த அம்மாவின் வாய்ச்சொல்லை நம்புகிறது. அவர் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும், வேண்டுமானால் நடந்து போய்க் கண்ணால் பார்க்கக்கூடிய நகராட்சி நம்ப மறுக்கிறது.

இதைப் படிக்கும் வணிகர் சங்க நண்பர்கள், உரிமத்தையே எடுத்துவிடச் சொல்கிறேன் என்று நினைக்கக்கூடாது. 2025இல் கிராம ஊராட்சிகளிலும் தொழில் உரிமம் என்று விதி வந்தபோது எதிர்ப்பு எழுந்தது, அரசும் நிறுத்தி வைத்தது. பெட்டிக்கடைக்காரரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் யாரும் எதையும் கேட்கக்கூடாது என்ற நிலைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பூர் இருக்கிறது.

திருப்பூர் நகராட்சியாக இருந்த காலத்திலேயே சாயப்பட்டறைகள் பெருகிவிட்டன. ஏற்றுமதி, அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு என்ற பெயரில் எல்லா அலுவலகங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் போனது. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர் தேங்கும் குட்டையாக மாறியது, கீழ்மடை விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. தொழிலாளர்கள் ஊருக்குத் திரும்பினார்கள், ஆர்டர்கள் வேறு ஊர்களுக்குப் போயின. மாசுக் கட்டுப்பாடு வாரியம், நகராட்சி, மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றில் ஒன்றாவது தொடக்கத்திலேயே பட்டறை பட்டறையாகப் பார்த்து, ‘சுத்திகரிக்காமல் ஒரு வாளி வெளியே போகக்கூடாது’ என்று சொல்லியிருந்தால், தொழிலுக்கும் அது நல்லதாக இருந்திருக்கும். ஆற்றின் பக்கம் நின்று பார்த்தாலும், பட்டறை முதலாளியின் பக்கம் நின்று பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான் வருகிறது.

அதனால் நான் கேட்பது, ஆபத்து எவ்வளவோ அவ்வளவு கேள்வி. தையல், பூக்கட்டு, சைக்கிள் பழுது, செல்போன் பழுது, ஜெராக்ஸ், புத்தகக் கடை, வளையல் கடை இவற்றுக்கெல்லாம் அனுமதி என்ற பேச்சே வேண்டாம். ‘இந்த இடத்தில் இந்தத் தொழில் செய்கிறேன்’ என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே ஒரு பதிவுச் சான்று தர வேண்டும். கட்டணம் வாங்கினாலும் பெயரளவுக்கு இருக்கட்டும். இடத்தில் இருப்பதற்கு ஆதாரமாக மின் ரசீது போதும். அதை வைத்துக் கட்டடத்தின் வரியை மாற்ற வேண்டுமானால் நகராட்சி உரிமையாளரிடம் போய்ப் பேசட்டும். வரி ஏய்ப்பு அவருடையது, வாடகைக்காரரைப் பிணையாக நிறுத்துவது நியாயமில்லை.

சமைக்கும் இடம், இறைச்சி, எண்ணெய், வெல்டிங், பெயின்ட் அடிக்கும் பட்டறை, பழைய பிளாஸ்டிக் உருக்குவது, பட்டாசு சில்லறை, மரக்கடை, சாயம், அமிலம் புழங்கும் எந்த வேலையும் வேறு. இங்கே கட்டணம் கூடினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் கூடிய பணத்துக்குக் கூடுதலாக ஆய்வு நடக்க வேண்டும். ஆய்வாளர் உள்ளே போய்ப் பார்த்து என்ன குறை என்று எழுதி, சரிசெய்ய நாள் கொடுத்து, திரும்ப வந்து பார்க்க வேண்டும். அந்தக் குறிப்பின் நகல் கடைச் சுவரில் மாட்டப்பட வேண்டும். சாப்பிட வருபவரும் படிக்கலாம்.

உணவகங்களைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்ததும், அதுவரை கலப்படத் தடைச் சட்டப்படி நாங்கள் செய்துவந்த மாதிரி எடுக்கும் வேலை உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போனது. இப்போது ஒரு மெஸ் நடத்துபவர் அங்கே ஒரு பதிவு, இங்கே ஓர் உரிமம் என்று இரண்டு வாங்குகிறார். இரண்டு அலுவலர்கள் தனித்தனியாக வருகிறார்கள், அல்லது இருவருமே வருவதில்லை. ஒரே நாளில் சேர்ந்து வந்து ஒரே படிவத்தில் எழுதுவதைத் தடுக்கும் விதி எதையும் நான் பார்த்ததில்லை.

பழைய சட்டத்தில் கடைக்காரருக்குச் சாதகமாக ஒன்று இருந்தது, தெரிந்தவர்கள் சிலரே. விண்ணப்பித்துக் குறித்த நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். அலுவலகங்கள் அதைத் தாண்டும் விதம் எனக்குத் தெரியும். கெடு முடிய ஒன்றிரண்டு நாள் இருக்கும்போது ‘இன்ன ஆவணம் இணைக்கப்படவில்லை’ என்று ஒரு கடிதம் போகும். அதைச் சரிசெய்து கொடுத்தால் இன்னொரு குறை, இன்னொரு கடிதம். குறை இருந்தால் முதல் வாரத்திலேயே மொத்தத்தையும் ஒரே கடிதத்தில் சொல்லிவிட வேண்டும், பிறகு புதுக்குறை சொல்லக்கூடாது என்று மன்றம் தீர்மானம் போடட்டும். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

நிதிநிலை பற்றிய கவலை பொய்யல்ல. துப்புரவு ஒப்பந்தத்துக்கும் தெருவிளக்கு மின்கட்டணத்துக்கும் பணம் வேண்டும். ஆனால் நான் பார்த்த நகராட்சிகளில் உரிமக் கட்டணம் மொத்த வருவாயில் சிறிய துளி. சொத்து வரியில் பெரிய கட்டடங்களின் நிலுவையை வசூலித்தாலே அதைப் போல் பல மடங்கு வரும். தொழில் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 276ஆவது பிரிவு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது 1988இல் வைத்த வரம்பு. அன்றைக்கு 2,500 ரூபாய் மாதச் சம்பளமே நல்ல சம்பளம். லட்சக்கணக்கில் மாத வருமானம் உள்ளவரிடமும் இன்றும் அதற்குமேல் வாங்க முடியாது. நகராட்சித் தலைவர்கள் சேர்ந்து நாடாளுமன்ற உறுப்பினரின் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய விஷயம் இது. அதை விட்டுவிட்டு டீக்கடையிடம் கூடுதலாக நூறு இருநூறு தேடுகிறோம்.

இனி அந்த வணிக வளாகம். சந்தையில் தரையில் சாக்கு விரித்துக் கீரை விற்பவர்களும், தகரக் கூரைக்குள் தேங்காய் உரிப்பவர்களும் இடிக்கும்போது தற்காலிக இடத்துக்குப் போவார்கள். கட்டி முடித்த பிறகு வைப்புத்தொகையும் வாடகையும் ஏலத்தில் தீர்மானமாகும். அந்த ஏலத்தில் அவர்கள் கை தூக்க முடியாது. மேல்மாடிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். பல ஊர்களில் இப்படிக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. அதில் பத்தில் நான்கு இடம் வியாபாரிகளுக்கே. கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்றும் சொல்கிறது. இடிக்கத் தீர்மானம் போட்ட அன்று அந்தக் குழு கூடியதா என்று ஒரு கவுன்சிலராவது கேட்டிருக்கலாம்.

பொருளாதார மேம்பாட்டுக்கான திட்டமிடல் நகராட்சியின் வேலைதான். 74ஆவது திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாம் அட்டவணையிலேயே அது இருக்கிறது. ஆனால் 2016 முதல் 2022 பிப்ரவரித் தேர்தல்வரை நம் நகராட்சிகளில் மன்றமே இல்லை, தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். திட்டமிடும் பழக்கம் அற்றுப்போனதில் வியப்பில்லை. மேம்பாடு என்றால் கட்டடம் என்று ஆகிவிட்டது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வளாகம் எதுவும் வாங்கித் தரவில்லை. பாகு பதம் தெரிந்த கைகள் தலைமுறையாகச் சிறு கொட்டகைகளில் உழைத்து வாங்கித் தந்தது.

அப்படிப்பட்ட கைகள் எந்தத் தெருவில் எத்தனை இருக்கின்றன என்று நகராட்சிக்குத் தெரியாது. உரிமம் எடுக்க முடியாதவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லையே! எல்லோரும் அச்சமில்லாமல் பதிந்துகொள்ளும் பதிவேடு ஒன்று இருந்தால், மும்முனை மின்சாரம் எந்தத் தெருவுக்கு முதலில் கேட்க வேண்டும், சாக்கடையை எங்கே அகலப்படுத்த வேண்டும், சரக்கு லாரி எத்தனை மணிக்கு ஊருக்குள் வரலாம், கடன் முகாமை எந்த வார்டில் நடத்த வேண்டும் என்பதையெல்லாம் மன்றம் ஊகிக்காமல் பேசலாம்.

ஒத்திவைத்த பொருள் அடுத்த கூட்டத்துக்குத் திரும்ப வரும். கட்டண அட்டவணையோடு ஆபத்தில்லாத் தொழில்களின் பட்டியலையும் இணைத்து, அவற்றுக்குப் பதிவு மட்டும் போதும் என்று மாநில அரசுக்கு மன்றம் தீர்மானம் அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் கடிதத்துக்கு மாற்றாக மின் ரசீதை ஏற்கும்படி ஆணையரைக் கேட்க வேண்டும். சுகாதார ஆய்வாளர்களின் காலியிடங்களை நிரப்பக் கோர வேண்டும். இருப்பவர்களை வசூல் இலக்கிலிருந்து விடுவித்து, ஆடி ஆவணி மாதங்களில் கடைகளுக்குள் அனுப்ப வேண்டும். அப்போது மார்ச் நெருக்கடி இருக்காது, தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏற்றுவதற்கு முன்னால் குறைகளைச் சரிசெய்யக் கடைக்காரருக்கும் நாள் இருக்கும்.